பத்து மதிப்பெண் வினா

ரங்கநாதன் தெருவில்
நான்கு மாடித் துணிக்கடைக்கு அடியில்
என் அறை.
ஜன்னல் கிடையாது.
இருபத்திரண்டு சதுரங்களாக வெட்டிய திரையில்
தி. நகர் வந்து புடவை பார்க்கும்.
நான் தி. நகரைப் பார்ப்பேன்.

மேசைக்கு அடியில்
தொலைதூரக் கல்வி, எம்.ஏ. தத்துவம்,
சாங்கியப் பாடம், வடை எண்ணெய் ஊறிய பக்கம்.
புருஷன் பார்ப்பான், எதுவும் செய்யமாட்டான்.
பிரகிருதிதான் ஓயாமல் ஆடுவாள்.
எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

'முக்குணங்களை விளக்குக.'
போன தேர்வில் வந்தது, பத்து மதிப்பெண்.
மனிதர்கள் மூன்று வகை என்று
அடித்துச் சொல்லியிருந்தேன்.
வகைக்கு ஒன்றாக
மூன்று போட்டிருந்தார்கள்.

காலை பதினொன்று, ஆறாவது கேமரா.
மடிப்புக் கலைந்ததற்கு
சபுராவை எல்லோர் முன்னாலும் கத்துகிறார்
ஞானதுரை அண்ணாச்சி.
சத்தம் இங்கே வராது.
கழுத்து நரம்பு மட்டும் வரும்.

பகல் மூன்று, சரக்கறை.
பட்டுப் பெட்டிகள்மேல் அதே அண்ணாச்சி
வாய் திறந்து தூங்குகிறார்,
கையில் பாதி கடித்த முறுக்கு.

இரவு எட்டேகால், வாசல்.
கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த பையன் முன்
மண்டியிட்டு
அவன் ஷூவுக்கு முடிச்சுப் போடுகிறார்.
தன்னை யாரும் பார்க்கவில்லை என்கிற நிம்மதி
அந்த முதுகில் தெரிகிறது.

இவரை எந்த வகையில் எழுத?

குணம் என்றால்
கயிறு என்றும் பொருளாம்.
மூன்று புரி.
எது மேலே வரும் என்பது
அந்தந்த நேரத்து முறுக்கைப் பொறுத்தது.
பெருங்களத்தூரில் ரயில் ஏறி
மாம்பலம் வருவதற்குள்
தினமும் தலை பின்னி முடிக்கிற
என் விரல்களுக்கு இது முன்பே தெரியும்.
என்னிடம்தான் அவை சொல்லவில்லை.

போன செவ்வாய், ஆடித் தள்ளுபடி.
பதினேழாவது கேமரா, குழந்தைகள் பிரிவு.
ஏழு மாதம் இருக்கும் வயிறு.
பிளாஸ்டிக் கூடையில் முளைக்கீரை.
உள்ளங்கை அகல மஞ்சள் சட்டை ஒன்று
கீரைக்கட்டுக்கு அடியில் போனது.

வாக்கிடாக்கி என் இடது கையில்.
பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழே.
அழுத்தவில்லை.

கொஞ்ச நேரம்
என்னை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.
டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டேன்.
கலக்கும்போதுதான்
பாடத்தில் தாண்டிப் போன ஒன்று உறுத்தியது:
சத்துவமும் கட்டும்.
நல்லவள் என்கிற ருசியால் கட்டும்.
பட்டுக் கயிறு,
கையில் உறுத்தாது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்தச் சந்தேகம்.
இரக்கம்தானா அது?
ஷிஃப்ட் முடிய இருபது நிமிடம் இருக்க
யார் எழுந்து ஓடுவது என்கிற சோம்பலா?
சபுராவுக்காக
காலையிலிருந்து அண்ணாச்சிமேல்
சேர்த்துவைத்த ஆத்திரமா?
விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
ஒரு புரியை இழுத்தால்
மற்ற இரண்டும் கூடவே வந்தன.

இருப்பெடுத்தபோது ஒன்று குறைந்தது.
நூற்றி எண்பது ரூபாய்,
என் சம்பளத்தில்.
அண்ணாச்சி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்,
கழுத்து நரம்போடு.
முதல் தடவையாக அதற்குச் சத்தமும் இருந்தது.
"நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

எவ்வளவு பழைய கேள்வி இது என்று
அவருக்குத் தெரியாது.
"ஆமா அண்ணாச்சி,
பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் என்னையே பார்த்தார்.
பிறகு ஏனோ
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
இருவருமாகத் திரையைப் பார்த்தோம்.
இரண்டாம் மாடியில் சபுரா
விரித்த புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள்,
நின்றபடியே.

ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் மறுதேர்வு.
மஞ்சள் சட்டையை எழுதலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
பத்து மதிப்பெண்ணுக்கு
ஒன்றரைப் பக்கம் போதும் என்கிறார்கள்.